வெனிஸில் ஒரு குளிர்காலம்

வெனிஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தேன்நிலவுதான். கால்வாய், கொண்டோலா படகு, நிலா வெளிச்சம், கைகோர்த்தபடி ஒரு ஜோடி... சினிமாக்காரர்கள் காட்டிக் காட்டியே மனதில் பதிந்துபோன படம் அது. ஆனால் அந்த ஊருக்கு வந்துபோன ஜோடிகளில் அதிகம் பேசப்பட்ட ஒரு ஜோடியின் கதை இந்தப் படத்துக்கு நேர் எதிரானது. அவர்கள் வந்தது கடும் குளிர்காலத்தில். கணவர் கற்களைப் பார்த்தார். மனைவி மனிதர்களைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி!

கணவர் ஜான் ரஸ்கின். 1819ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பெரிய ஒயின் வியாபாரி, இவர் ஒரே பிள்ளை. இருபத்து நான்கு வயதிலேயே ஓவியக்கலை பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். மனைவி யூஃபீமியா கிரே. வீட்டில் கூப்பிடுவது எஃபி. ஸ்காட்லாந்தில் பெர்த் என்ற ஊர்ப் பெண். 1848 ஏப்ரல் 10 அன்று திருமணம். அவருக்கு வயது 29, அவளுக்கு 19.

திருமணம் நடந்த நேரம் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. நினைத்தபடி வெளிநாடு போக முடியவில்லை. அடுத்த வருடம் ரஸ்கின் தன் அப்பா அம்மாவோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போய்விட்டார். எஃபி மாதக்கணக்கில் பிறந்த வீட்டில் இருந்தாள். ஊரார் வாய் சும்மா இருக்குமா? அப்படி ஒரு பிரிவுக்குப் பிறகுதான் 1849 நவம்பரில் இருவரும் வெனிஸுக்கு வந்தார்கள். துணைக்கு எஃபியின் தோழி சார்லட் கெர். தங்கியது டானியலி ஓட்டலில். பக்கத்திலேயே டோஜ் அரண்மனை, சான் மார்கோ சதுக்கம்.

அப்போது வெனிஸ் எப்படி இருந்தது? 1848 மார்ச்சில் ஆஸ்திரியர்களை விரட்டிவிட்டு, டேனியல் மானின் தலைமையில் வெனிஸ் குடியரசாகியிருந்தது. ஆஸ்திரியப் படை சுற்றி வளைத்தது. 1849 கோடையில் பீரங்கிக் குண்டு, பசி, காலரா என்று எல்லாம் சேர்ந்து நகரத்தை முறித்துப்போட்டன. ஆகாயத்திலிருந்து பலூனில் குண்டு அனுப்பும் முயற்சியும் நடந்தது! ஆகஸ்ட்டில் வெனிஸ் சரணடைந்தது. 1846ல் திறந்த புது ரயில் பாலத்தின் வளைவுகளும் சண்டையில் சேதமாகியிருந்தன. ரஸ்கின் தம்பதி வந்து இறங்கியது, தோற்று மூன்று மாதமே ஆன அந்த ஊருக்குத்தான்.

ரஸ்கினுக்கு ஒரே பயம். இந்த நகரம் அழிந்துகொண்டிருக்கிறது. குண்டு தப்பவிட்டதைக் கடல் அரிக்கும். கடல் விட்டுவைத்ததைப் 'புதுப்பிக்கிறேன்' என்று வருகிறவர்கள் கெடுத்துவிடுவார்கள். போவதற்குள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும். டோஜ் அரண்மனையின் எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மனிதர் நேரே அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டார். தூண், வளைவு, சன்னல், வாசல் என்று ஒவ்வொன்றாக அளந்தார். வீடுகளுக்கு ஒரு நோட்டு, கதவுகளுக்கு ஒரு நோட்டு, அரண்மனைகளுக்கு ஒரு நோட்டு என்று பிரித்துப் பிரித்து எழுதினார்.

கூடவே டகேரியோடைப். 1839ல் பாரீஸில் அறிவிக்கப்பட்ட புகைப்பட முறை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். சதுக்கத்தில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு படம் எடுப்பாராம். இல்லையென்றால் உடம்பெல்லாம் தூசியும் ஒட்டடையுமாகத் தூணின் உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பாராம். இவர் பைத்தியமா, ஞானியா என்று ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை என்று எஃபியே வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்தில் கோபம் இல்லை. கேலியும் கொஞ்சம் பெருமையும்தான் இருக்கிறது.

எஃபியின் குளிர்காலம் வேறு மாதிரி. மாமனார் மாமியார் கண்காணிப்பு இல்லாத முதல் சுதந்திரம். குளிரில் சார்லட்டோடு நடை, மாலையில் சதுக்கம், இரவில் விருந்து, நடனம். சதுக்கத்தில் ஆஸ்திரிய ராணுவ பேண்டு வாசிக்கும். வெனிஸ்காரர்கள் அதைக் கேட்பதே அவமானம் என்று ஒதுங்கிப் போவார்கள். எஃபிக்கோ அந்த அதிகாரிகளே நண்பர்கள். அதில் பாவுலிட்சா என்ற பீரங்கிப்படை அதிகாரி நெருங்கிய நண்பர். முற்றுகையில் இதே நகரத்தின் மேல் சண்டையிட்டவர்! ரஸ்கின் அவரைத் தடுக்கவில்லை. பொறாமைப்படவும் இல்லை. பார்ப்பவர்களுக்கு இது பெருந்தன்மை. சற்று யோசித்தால் வேறு ஒன்றும் தோன்றும். தன் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் மனைவியின் பொழுது போனால் சரி என்று ஒரு கணவர் நினைத்தால், அதற்குப் பெயர் பெருந்தன்மைதானா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிர்காலத்தில் இருவருமே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவரவர் விரும்பியது அவரவருக்குக் கிடைத்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் ஓட்டல் அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியும் அவர்கள் கணவன் மனைவியாக வாழவே தொடங்கவில்லை. குழந்தைகள் பிடிக்காது, மதக் காரணம், உன் அழகு கெட்டுவிடும் என்று ரஸ்கின் ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு காரணம் சொன்னதாகப் பின்னால் எஃபி தன் அப்பாவுக்கு எழுதினாள். கடைசியில், முதல் இரவிலேயே உன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். ஓர் இளம்பெண் இதை யாரிடம் சொல்லுவாள்?

வெனிஸ் ஆராய்ச்சியில் ரஸ்கின் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. சான் ஜொவான்னி எ பாவுலோ தேவாலயத்தில், 1478ல் இறந்த ஆந்த்ரேயா வெந்திராமின் என்ற டோஜின் கல்லறை இருக்கிறது. மேலே அவர் படுத்திருப்பதுபோல் சிலை. எல்லோரும் புகழ்ந்த சிற்பம். ரஸ்கின் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்தான் செதுக்கியிருந்தது; மறுபக்கம் வெறும் கல். ஒரு கைதான் இருந்தது! இது கலை இல்லை, ஏமாற்று என்று கொதித்துப்போனார். ஏணி வைத்து ஏறிச் சிலையின் மறுபக்கத்தைப் பார்த்தவருக்கு, தன் வீட்டில் ஊரார் பார்க்கிற பக்கம் மட்டுமே செதுக்கப்பட்டிருப்பது தெரியாமலா இருந்திருக்கும்?

1850 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். 1851 செப்டம்பரில் மறுபடி வந்து இன்னொரு குளிர்காலமும் வெனிஸில் இருந்தார்கள். 'வெனிஸின் கற்கள்' முதல் பாகம் 1851ல் வந்தது, மற்ற இரண்டும் 1853ல். இன்றும் கட்டடக்கலை படிப்பவர்கள் புரட்டுகிற புத்தகம்.

1854 ஏப்ரல் 25. பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொல்லி எஃபி லண்டனில் ரயில் ஏறினாள். திரும்பவில்லை. அன்று மாலை மாமியாருக்கு ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்தது. உள்ளே மூன்று பொருட்கள். திருமண மோதிரம், வீட்டுச் சாவிகள், வீட்டுக் கணக்கு நோட்டு.

மோதிரமும் சாவியும் சரி. கணக்கு நோட்டு எதற்கு? வணிகவியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். இரட்டைப் பதிவு முறையை விளக்கும் லூகா பசியோலியின் புத்தகம் 1494ல் அச்சானது இதே வெனிஸில்தான். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் அடிப்படை. எஃபி நோட்டைத் திருப்பிக் கொடுத்ததன் அர்த்தம் எளிமையானது. உங்கள் வீட்டுக் காசில் ஒரு பைசா என்னிடம் பாக்கி இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஆறு வருட வாழ்க்கைக்கு ஈடாக எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதற்கு அந்த நோட்டில் இடம் இல்லை.

அந்த ஜூலையில் திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது. 1855ல் எஃபி, ஓவியர் ஜான் எவரெட் மில்லேயை மணந்தாள். எட்டுக் குழந்தைகள். 1897ல் இறந்தாள். ரஸ்கின் மறுமணம் செய்யவில்லை. 1860ல் பொருளாதாரம் பக்கம் திரும்பி, மனிதரை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் எண்ணுகிற கணக்கு பொய்க்கணக்கு என்று எழுதினார். 1904ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் பயணத்தில் அதைப் படித்த காந்தி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். பிறகு அதைச் 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் எழுதியதும் அவரே. 1900ல் ரஸ்கின் இறந்தார்.

ரஸ்கின் பயந்தபடி வெனிஸ் அழிந்துவிடவில்லை. 1966லும் 2019லும் பெருவெள்ளம் வந்தது. 2020 முதல் கடல் தடுப்புக் கதவுகள் எழும்பி நீரைத் தடுக்கின்றன. அவர் அளந்த தூண்கள் அங்கேதான் நிற்கின்றன. அழிந்தது, அவர் அளக்க மறந்த ஒன்றுதான்.

எஃபி அந்தக் குளிர்காலங்களில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1965ல் தனிப் புத்தகமாக வந்தன. வெனிஸின் கற்களைத் தெரிந்துகொள்ள ரஸ்கினைப் படிக்கலாம். அங்கே இருந்த மனிதர்களைத் தெரிந்துகொள்ள எஃபியைப் படிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.