நடுவீட்டில் ஒரு ஸ்டூடியோ

'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்...' என்று ஆரம்பிக்கும் பழமொழி, நாயின் குணத்தைக் கேலி செய்யச் சொன்னது. இன்று பல வீடுகளில் அதை அப்படியே செய்கிறார்கள். சனிக்கிழமை குளிப்பாட்டி, துவட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலின் நடுவே உட்கார வைக்கிறார்கள். போட்டோ எடுப்பதற்காக!

ஒரு காலத்தில் போட்டோ என்றால் குடும்பமே பவுடர் பூசிக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பும். வாசலில் காவல் கிடந்த நாய் அந்தப் படங்களில் இருக்காது. இப்போது செல்போனில் நாயின் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால், பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று தேடினால் ஒன்றும் தேறுவதில்லை. ஒன்றில் பின்னால் துணி காயும் கொடி. இன்னொன்றில் கண் இரண்டும் பச்சையாக எரிகிறது. முகவாய் நரைத்து, மாடிப்படி ஏற நாய் தயங்கும்போதுதான், 'இவனுக்கு ஒரு நல்ல படம் இல்லையே' என்று வீட்டில் யாருக்காவது உறைக்கிறது.

மூட்டு வலிக்கும் நாயை ஆட்டோவில் ஏற்றிப் புது இடத்துக்குக் கொண்டுபோனால் அது மிரளும். அதனால் ஸ்டூடியோவே வீடு தேடி வருகிறது.

நாய்ப் படங்களுக்குப் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் வில்லியம் வெக்மன், தன் வைமரானர் நாய் 'மேன் ரே'யை 1979 முதல் ராட்சத போலராய்டு கேமராவில் எடுத்தார். 20 அங்குல அகலம், 24 அங்குல உயரத்துக்குப் படம் தரும் அந்தக் கேமராவின் எடை 100 கிலோவுக்கும் மேல். இன்று தேவையான அத்தனையும் ஸ்கூட்டரில் போய்விடும்: கேமரா, ஒரு ஃப்ளாஷ், வெள்ளைக் குடை, மூன்று ஸ்டாண்டு, சாம்பல் நிறத் திரைத்துணி, மணல் பைகள், ஒரு ரப்பர் விரிப்பு.

இதில் விலை குறைந்தது விரிப்புதான். முதலில் எடுக்க வேண்டியதும் அதுதான். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால், அந்தப் பயம் நாயின் முகத்தில் தெரிந்துவிடும். ஸ்டாண்டுகளின் காலில் மணல் பையை வைக்காவிட்டால், வாலின் ஒரு வீச்சில் குடை கீழே கிடக்கும். மின்விசிறியை நிறுத்த மறந்தால் திரை படபடக்கும். நாய் அதைப் பார்த்துக் குரைக்கும்.

ஃப்ளாஷை கேமராவின் தலையில் மாட்டக் கூடாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. பச்சைக் கண் அதனால் வருவதே. வெளிச்சம் பக்கவாட்டில் சற்று உயரத்திலிருந்து, குடையில் பட்டு மென்மையாக விழ வேண்டும். கறுப்பு நாய் என்றால் பின்பக்கவாட்டிலிருந்தும் கொஞ்சம் ஒளி வேண்டும். இல்லையென்றால் கண்ணும் நாக்கும் மட்டும்தான் படத்தில் மிஞ்சும். தத்துக்குக் காத்திருக்கும் கறுப்பு நாய்க்கு இது இன்னும் முக்கியம். வரப்போகும் வீட்டார் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தானே!

எல்லாம் தயாரானதும் உடனே எடுக்க ஆரம்பிப்பதில்லை. நாய் ஒவ்வொரு ஸ்டாண்டையும் மோந்து பார்க்கட்டும். ஃப்ளாஷை இரண்டு முறை சும்மா அடித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுக்க வேண்டும். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய்க்கு ஃப்ளாஷே வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் போதும். பசி இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, வாலை ஒடுக்குவது எல்லாம் 'போதும், என்னை விட்டுவிடு' என்பதற்கு நாயின் பாஷை. அப்போது கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

எடுப்பவர் தரையில் படுக்கிறார். நாயின் கண் உயரத்தில் லென்ஸ். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நீள மூக்கு நாய்களுக்கு எஃப் 8 அளவில் வைத்தால், மூக்கும் கண்ணும் சேர்ந்தே துலங்க வாய்ப்பு அதிகம். கீச்சிடும் பொம்மைக்குக் காது நிமிரும். ஆனால் அந்த வித்தை இரண்டு, மூன்று தடவைதான் பலிக்கும். அதற்குப் பிறகு வீட்டு அம்மாவை கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்து, சோறு வைக்கும்போது கூப்பிடுகிற செல்லப் பெயரால் கூப்பிடச் சொல்ல வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் அந்தப் பார்வை வராது.

கால் நடுங்கும் கிழட்டு நாய் என்றால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதன் மார்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறார். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கையை அழித்துவிட முடியும். ஆனால் பல வீடுகளில், "கை இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.