பத்துக்குப் பத்து

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. விதிகள் எனக்கு இன்றும் அரைகுறை. இருந்தும் 1966 நவம்பர் 19 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங்கில் நடந்த ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தைப் படத்தில் பலமுறை பார்த்துவிட்டேன்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும். அந்த வருஷம் இரண்டும் அதுவரை தோற்காதவை. முதல் பத்துப் புள்ளிகளை மிச்சிகன் ஸ்டேட் எடுத்தது. நோட்டர் டேமின் குவார்ட்டர்பேக் ஹான்ரட்டி தோள் அடிபட்டு ஆரம்பத்திலேயே வெளியேறினார். பதிலுக்கு வந்த ஓப்ரையன் சர்க்கரை வியாதிக்காரர். அவரை வைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து என்று சமன் செய்தார்கள். முடிய ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது பந்து நோட்டர் டேம் வசம். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் ஜெயிக்கப் பார்க்கவில்லை, நேரத்தைக் கரைத்தார். எதிரணியினர் களத்திலேயே ஏசினார்கள்.

கோழைத்தனம் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று சாம்பியன் பட்டத்துக்கு இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். பயிற்சியாளர்கள் தனியாக ஒரு ஓட்டு. பார்சீகியன் ஆடியது அந்த ஓட்டுக்காரர்கள் முன்னால். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு அதுவே அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். நோட்டர் டேமுக்கு இன்னொன்று பாக்கி. மறுவாரம் தெற்குக் கலிபோர்னியாவை 51-0 என்று நொறுக்கியது. இரண்டு ஓட்டிலும் அதற்கே முதலிடம்.

மூன்றாவது அலபாமா. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத, சமன்கூடச் செய்யாத அணி. முந்தின இரண்டு வருஷமும் பத்திரிகையாளர்களின் முதலிடம் அதற்குத்தான். அந்த அணியில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் அநேகமாக அப்படித்தான் இருந்தன. அதனால்தான் டெக்சாஸின் பப்பா ஸ்மித்தும் வட கரோலினாவின் ஜிம்மி ரேயும் வடக்கே போய் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு ஆடினார்கள்.

நிறவெறிக்கு விழுந்த அடி என்று முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷம். ஆனால் பட்டம் ஸ்மித்தும் ரேயும் ஆடிய அணிக்குப் போகவில்லை. ஆலன் பேஜ் என்ற ஒரே ஒரு கறுப்பர் இருந்த நோட்டர் டேமுக்குப் போயிற்று. (பேஜ் பிற்பாடு மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.) அலபாமா கீழே போனதற்கு நிறம்தான் காரணம் என்பவர்கள் உண்டு. மோதிய அணிகள் சோப்ளாங்கிகள் என்பவர்களும் உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் வரிசையைத்தான் எழுதினார்கள், காரணத்தை அல்ல.

நான் காரணம் எழுதியிருக்கிறேன். ஒரு கவிதைப் பரிசுக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தபோது ஒரு தொகுப்பை மூன்றாவதாகத் தள்ளினேன். அதை எழுதியவரின் ஜாதித் திமிரை ஒரு கூட்டத்தில் நேரில் கண்டவன் நான். கவிதைகளில் அது இல்லை; தேடிப் பார்த்தேன். குறிப்பில் ‘சொற்செட்டு போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரிசு பெற்ற தொகுப்பிலிருந்து இன்று ஒரு வரி எனக்கு நினைவில்லை. தள்ளியதிலிருந்து ஏழெட்டுக் கவிதைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. சொற்செட்டில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.