பதினான்கு கிலோ பொய்

என் அப்பா தேனியில் ஒரு பஞ்சு மண்டியில் முப்பது வருஷம் எடை போட்டவர். அவர் பெற்ற பிள்ளை நான், ஆஸ்லோவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் என் எடையைப் பதினான்கு கிலோ குறைத்துச் சொன்னேன். சொன்னதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அந்தப் பொய்க்கு இன்னொருத்தி திட்டு வாங்கினாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அல்லிநகரத்துக்காரனுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். "பாரதிராஜா ஊரா?" என்று கேட்டுப் பழகியவர்கள்கூட, நான் ஸ்கீ விடுகிறேன் என்றதும் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். வேலை நார்வேக்குக் கொண்டுபோனது. அங்கே நவம்பர் பிறந்துவிட்டால் அலுவலகத்தில் பேச்சே மாறிவிடும். திங்கட்கிழமை காலை, ஞாயிறன்று எத்தனை கிலோமீட்டர் போனாய் என்பதுதான் முதல் கேள்வி. மெட்ரோ ரயிலில் ஆளுயரப் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாட்டிகள் ஏறுவார்கள். அவர்கள் அதை 'ஸ்கீ' என்றுகூடச் சொல்வதில்லை, 'ஷீ' என்கிறார்கள்.

எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. எண்பதுகளில் வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். அப்படி வடகோடிக் குளிரில் வாழ்க்கையைத் தொடங்கிய ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். அவருடைய பழைய ஸ்கீயைத்தான் மூன்று குளிர்காலம் ஓட்டினேன். அது கிளாசிக் முறை. இயந்திரம் பனியில் இரண்டு தடம் போட்டு வைத்திருக்கும், தண்டவாளம் மாதிரி. அதற்குள் பலகையை வைத்து, ஒரு காலால் உதைத்து மறு காலில் வழுக்கிப் போக வேண்டும். வேகமாக நடக்கத் தெரிந்தவன் சுமாராகச் சமாளித்துவிடலாம். நானும் சமாளித்தேன்.

அதே பாதையில், தடத்துக்குப் பக்கத்தில் அகலமாக வாரிவிட்ட பனியில், வேறொரு கூட்டம் போகும். பலகைகளை 'வி' மாதிரி விரித்து, இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் பறப்பார்கள். அதுதான் ஸ்கேட்டிங் முறை. பார்க்கப் பரம்பரை வித்தை போலத் தெரிந்தாலும் வயது குறைவு. பின்லாந்தின் பௌலி சீட்டோனன் ஒரு காலைத் தடத்தில் வைத்துக்கொண்டு மறு காலால் பக்கவாட்டில் உந்திப் போனார். அமெரிக்காவின் பில் கோக் அந்த உத்தியோடு 1982-இல் உலகக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். பழைய ஆட்கள் கொதித்தார்கள். கடைசியில் போட்டிகளையே கிளாசிக், ஃப்ரீ என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டும் தனித்தனியாக நடந்தன. ஆக, நான் அல்லிநகரத்துத் தெருவில் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்தில் பிறந்த வித்தைதான். நாமும் கற்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், வித்தை மேல் இருந்த ஆசையைவிட, என்னை முந்திப் போனவர்கள் மேல் இருந்த எரிச்சல்தான் அதிகம்.

இதற்குப் பலகை வேறு. கிளாசிக் பலகையைவிடக் குட்டை, முனையும் அவ்வளவு வளையாது. அடியில் பிடிமானத்துக்கு மெழுகோ ரோமப் பட்டையோ கிடையாது, முழுக்க வழுக்கல்தான். பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும். ஊன்றுகோல் உயரம். என் 172 சென்டிமீட்டருக்கு கிளாசிக் கோல் அக்குள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும், ஸ்கேட்டிங் கோல் வாய் வரைக்கும் வரும். ஆனால் நீளத்தைவிட முக்கியமானது விறைப்பு. ஸ்கீ என்பது வெறும் பலகை இல்லை, வில். தரையில் வைத்தால் முன்னும் பின்னும்தான் தொடும், நடு மேலே எழும்பி நிற்கும். ஏறி நிற்பவனின் எடைக்கு ஏற்ப அந்த வில் அமுங்க வேண்டும், தள்ளும்போது எதிர்த்து எழும்ப வேண்டும். குமுளி மலை ஏறும் லாரிக்கு அடியில் இருக்கிற வில்பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து டன்னுக்குச் செய்த பட்டையில் பன்னிரண்டு டன் ஏற்றினால் வண்டி ஓடும், ஆனால் படுத்துக்கொண்டு ஓடும்.

அதனால்தான் கடையில் கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் எடை என்ன?"

கேட்டது இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பெண். என் ஒரு பக்கம் மனைவி. மறுபக்கம் அலுவலக நண்பன் ஒருவன், மாரத்தான் ஓடுகிறவன். அவனிடம் முதலில் கேட்டாள், அறுபத்தெட்டு என்றான். அடுத்தது நான். வாயில் வந்தது: "எழுபத்திரண்டு."

எழுபத்திரண்டு என் கல்யாண எடை. அன்றைக்கு நான் எண்பத்தாறு. பொய் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னேன் என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் சொன்னேன். மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கையுறைகள் தொங்கிய பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் கணினியில் 72 என்று தட்டிவிட்டு, அந்த எடைக்கான ஜோடியை எடுத்து வந்தாள். "தேர்ந்தவரா, புதியவரா?" என்று கேட்டாள். "நடுத்தரம்" என்றேன். அதுவும் பொய்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மண்டியில் காலையில் முதல் தாட்டு ஏறுவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அவரே தராசில் ஏறி நிற்பார். அவர் ஐம்பத்தெட்டு கிலோ. முள் ஐம்பத்தெட்டில் நின்றால் வேலை தொடங்கும். முன்னே பின்னே காட்டினால் தராசுக்குக் கோளாறு என்று அர்த்தம், படிக்கல் கொண்டுவரச் சொல்லிச் சரிபார்ப்பார். தனக்குக் கூடியிருக்கும், குறைந்திருக்கும் என்ற சந்தேகமே அவருக்கு வந்ததில்லை. உடம்பையே படிக்கல்லாக வைத்திருந்த மனுஷன். பருத்தி கொண்டுவரும் சம்சாரிகள் சாக்குக் கழிவு போக எவ்வளவு என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்வார்கள், முள்ளைப் பார்ப்பதில்லை.

பயிற்சி வகுப்பு வாரம் ஒரு மாலை, ஏரிக்கரை ஓரம் விளக்குப் போட்ட பாதையில். சொல்லிக் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய அம்மா. முதல் நாளே கோல்களை வாங்கி ஓரமாக நட்டு வைத்துவிட்டார். வெறுங்கையோடு, ஒரு பலகையில் மட்டும் நின்று எவ்வளவு தூரம் வழுக்குகிறாய் பார் என்றார். மூக்கு, முழங்கால், பெருவிரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மற்றவர்கள் மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் போனார்கள். நான் ஒரு மீட்டரிலேயே மறு காலை ஊன்றிவிடுவேன்.

"பாதி எடையை உனக்கே வைத்துக்கொள்கிறாய். முழுசையும் அந்தப் பலகைக்குக் கொடு" என்பார்.

என்னால் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் பலகை சப்பென்று படுத்துக்கொண்டு பனியைத் தேய்த்தது. தள்ளினால் எழும்பவில்லை. ஏற்றத்தில் ஈர மணலில் சைக்கிள் மிதிப்பது போல் இருந்தது. பனி சரியில்லை என்றேன். மெழுகு சரியில்லை என்றேன். அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னேன். என் எடையை மட்டும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். சமையலறைத் தரையில் பலகை இரண்டையும் வைத்து, அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, என்னை ஏறி நிற்கச் சொன்னார். இரண்டு காலிலும் சமமாக நின்றால் காகிதம் நடுப்பகுதியில் தாராளமாக முன்னும் பின்னும் ஓட வேண்டும். இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"தம்பி, கடதாசி அசையேல்லை. உம்மட நிறை என்ன?"

"எழுபத்தஞ்சு இருக்கும்ணே."

அண்ணை என் இடுப்பை ஒருதரம் பார்த்தார். "வயித்தைக் கழிச்சுச் சொல்லுறீரோ?"

சாக்குக் கழிவு! சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். அந்த இடத்திலாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். எடைக்குப் பொருந்தாத சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். கோபமாகவே சொன்னேன். பொய் சொன்னவனுக்கு வரும் கோபம் உண்மைக்காரனுக்கு வருவதில்லை.

என்னை எடை மேடையில் ஏற்றினார்கள். எண்பத்தாறு புள்ளி நான்கு. மேலாளர் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். கடை விதிப்படி வாடிக்கையாளரை மேடையில் ஏற்றித்தான் எடையை எழுத வேண்டுமாம். அவள் என் வாய்ச் சொல்லை நம்பி எழுதியிருக்கிறாள். அதுதான் அவள் செய்த குற்றம். அந்த ஊரில் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார்கள். மேலாளர் நான்கைந்து வாக்கியம், தாழ்ந்த குரலில், சிரிப்பில்லாமல் சொன்னார். அவள் காது மடல் சிவந்தது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் சொன்ன எண் அவளுக்கு நினைவிருந்தது. எனக்கு நினைவிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"குளிர்காலத்தில் கொஞ்சம் ஏறிவிட்டது" என்றேன்.

இரண்டு மாதத்தில் பதினான்கு கிலோ!

ஓட்டித் தேய்ந்த பலகையை வாங்கிக்கொண்டு, விறைப்பான புது ஜோடியைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அவள்தான் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தாள். கட்டும்போது, "மன்னியுங்கள், நான் எடை பார்த்திருக்க வேண்டும்" என்றாள். "பரவாயில்லை" என்று சொன்னேன். பரவாயில்லை! இன்றைக்கும் நள்ளிரவில் விழிப்புத் தட்டினால் முதலில் காதில் விழுவது அந்த வார்த்தைதான்.

புது ஸ்கீயில் ஏறியதும் பறந்தேன் என்று எழுத ஆசைதான். விழுந்தேன். பலகை இப்போது எழும்பியது, நான்தான் அதன்மேல் முழுசாக நிற்கவில்லை. எடைப் பொய் பாதிக் காரணம், பயம் மீதிப் பாதி. மார்ச் வாக்கில்தான், ஒவ்வொரு காலுக்கும் ஒருதரம் கோல் ஊன்றும் முறை, நார்வேக்காரர்கள் 'இரட்டை நடனம்' என்பார்கள், அது ஒரு நூறு மீட்டருக்குக் கை கூடியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

சொல்லவில்லை. கடை வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அதன்பிறகு மெழுகு வேண்டுமென்றாலும், மகளுக்குக் கையுறை வேண்டுமென்றாலும், இரண்டு பஸ் மாறி நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கடைக்குப் போகிறேன். அங்கே விலை குறைவு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். குறைவில்லை.

இந்தச் சித்திரையில் லீவுக்கு ஊர் வந்தபோது அப்பா வேலை பார்த்த மண்டிப் பக்கம் போனேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முள் தராசு போய் எண் காட்டும் தராசு வந்திருக்கிறது. எடை போடுகிற பையன் அப்பா பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். எண்பத்தெட்டு.

"சரியாக் காட்டுதாண்ணே?" என்றான்.

"சரியாத்தான் காட்டுது தம்பி" என்றேன்.

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அங்கே என் முன்னால் யாரும் தலை குனிந்து நிற்கவில்லை, அந்த உண்மையால் எனக்குச் செலவும் இல்லை. செலவு வைக்கிற உண்மை ஆஸ்லோவில், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறது. நான் இன்னும் இரண்டு பஸ் மாறித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.