கிழவரின் திறீ நொட் திறீ

என் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு றைபிள்கள் இருக்கின்றன. ஒன்று புதிது. கறள் பிடிக்காத உருக்குக் குழல், கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி. மழையில் நனைந்தாலும் கல்லில் அடிபட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் காசு போட்டு வாங்கவைத்தது. மற்றது பழைய லீ-என்ஃபீல்ட். தகப்பனார் விட்டுப்போனது. மரப்பிடி, எங்கள் பக்கத்தில் அதைச் சோங்கு என்போம். அந்தச் சோங்கை அவர் தடவும்போது, மாட்டுக்காரன் மாட்டின் திமிலைத் தடவுவதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

நியாயமாகப் பார்த்தால் முதலாவது காட்டுக்குப் போகவேண்டும், இரண்டாவது வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டும். அவர் நேர்மாறாகச் செய்கிறார். பிறந்தநாள் துவக்கு இரும்பு அலுமாரியை விட்டு வெளியே வருவதே அருமை. பழையதுதான் ஒவ்வொரு ஏப்ரலும் தரருவா மலைக்குப் போய், நனைந்து, அடிபட்டுத் திரும்பி வருகிறது.

அவரைக் கிழவர் என்று எழுதுவதைக் குறைவாக எடுக்கவேண்டாம். தன்னைப் பற்றிப் பேசும்போது அவரே அப்படித்தான் சொல்வார். நான் வெலிங்டனில் பஸ் ஓட்டுகிறேன். வேலைநாட்கள் மாறி மாறி வரும், கிழமை நடுவில் ஓய்வு கிடைக்கும். கிழவருக்கு வலது முழங்கால் சரியில்லை. போன வருடம் அவருடைய மனைவி வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, தனியாகப் போனால் தான் விடப்போவதில்லை, கூடப் போய்வர முடியுமா என்று கேட்டார். மூட்டை சுமக்கத்தானே, சரி என்றேன். துவக்கைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். 'திறீ நொட் திறீ' என்பது என் தலைமுறை வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு துவக்கின் பெயர் மட்டும் அல்ல. ஊருக்குள் பொலிஸ் ஜீப் வரும்போது அவர்களின் தோளில் தொங்கியது அதுதான். பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கும். அதே துவக்கு இங்கே ஒரு மனிதரின் வரவேற்பறை மேசையில், பழந்துணி விரித்துக் கிடத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் தேநீரும் பிஸ்கற்றும்.

அந்தத் துவக்கின் கதை மான்களின் கதை. நியூசிலாந்துத் தரையில் வௌவாலைத் தவிர சுதேசப் பாலூட்டி கிடையாது. 1851-இல் இங்கிலாந்திலிருந்து செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள், வேட்டைச் சுகத்துக்காக. தின்ன இலை நிறைய, தின்பதற்கு வேறு மிருகம் இல்லை. பெருகித் தள்ளிவிட்டன. காட்டின் அடிமரங்களை மொட்டையடித்தன, மலைச்சரிவுகள் சரிவதற்கும் அவைதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். பிறகு 1931 முதல் அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்து அவற்றைச் சுடத் தொடங்கியது. கொண்டுவந்தவர்களே கொல்லவும் வேண்டிவந்தது. (குடியேறியவற்றைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. அது வேறு கட்டுரை.) கிழவரின் தகப்பன் யுத்தம் முடிந்து வந்து அந்த வேலைக்குப் போனவர். மாதக்கணக்கில் காட்டில் இருந்து, சுட்டதற்குச் சாட்சியாக வால்களை அறுத்துக் கட்டிக்கொண்டு வருவார்களாம். துவக்கு, யுத்தத்தில் பாவித்த அதே ரகம். பட்டாளத் துவக்கில் குழலின் முனைவரை மரம் மூடியிருக்கும். அந்த மரத்தின் முன்பாதியைத் தகப்பன் சமையலறை மேசையில் வைத்துக் கைவாளால் அறுத்து எடுத்திருக்கிறார். அறுத்த இடத்தை உளியால் உருட்டியிருக்கிறார், அவ்வளவு நேர்த்தியாக இல்லை. கிழவருக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும்.

துவக்கை நேசிப்பவன் அதை இந்தக் காட்டுக்குள் கொண்டுபோவது ஏன் என்று அங்கே போனால்தான் கேட்கத் தோன்றும். தரருவா வெலிங்டனுக்கு வடக்கே, சில மணிநேரப் பயணம்தான். ஆனால் மழையும் மூடுபனியும் காற்றும் முறை வைத்து வரும் மலை. பாதை என்பது மரங்களில் அடித்த செம்மஞ்சள் முக்கோணங்கள் மட்டுமே. பாதையை விட்டு இறங்கினால் சப்பிள்ஜாக் கொடி. கறுத்து, மின்கம்பி மாதிரி முறுகி, ஆளையும் துவக்கையும் சேர்த்துக் கட்டிவிடும். இன்னொன்று முட்கொடி, ஒருமுறை பிடித்தால் விடாது என்பதால் அதற்கு இங்கே 'காட்டு லோயர்' என்று பெயர். உயரத்துக்குப் போனால் தோல் மாதிரித் தடித்த இலையுள்ள பற்றை. அதற்குள் நூறு மீற்றர் போக அரைமணிநேரம் எடுத்தது.

இதற்குள் கிழவர் அந்தத் துவக்கைக் கொண்டுபோகும் விதத்தைப் பார்க்கவேண்டும். குழலின் வாயில் ஒரு துண்டு ஒட்டுநாடா, மின்சார வேலைக்காரர் பாவிப்பது. மழைத்தண்ணீரும் இலைக்குப்பையும் உள்ளே போகாது. சுட்டால் ரவைக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடுமாம். நடக்கும்போது ரவைகள் பெட்டிக்குள் மட்டும் இருக்கும், குழலறை வெறுமை. மரம் ஈரத்தில் உப்பும். உப்பினால் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும், நேற்று வைத்த குறி இன்று பிசகும். அதனால் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் தகப்பன் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார். கிழவர் காலையில் ஒரு ரூபாய்த்தாளை அதற்குள் விட்டு இழுத்துப் பார்ப்பார் (ரூபாய் என்று என் கை எழுதுகிறது, அது ஐந்து டொலர்). தாள் தடையில்லாமல் ஓடினால் அன்றைக்குத் துவக்கு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் அப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக்குழல் சொட்கன், லைசன்ஸ் உள்ளது. குளத்துக்குக் கீழே வயல், கதிர் முற்றும் காலத்தில் பன்றி இறங்கும். அப்பா காவல்கொட்டிலில் இருந்து வெடி வைப்பார், பெரும்பாலும் வானத்தைப் பார்த்து. மழைக்காலத்தில் அதை வெளியே எடுக்கமாட்டார். தேங்காயெண்ணெய் பூசி, ஒரு பழைய சாறத்தில் சுற்றி, ஆணியில் மாட்டியிருப்பார். நாங்கள் தொட்டால் அடி.

எண்பதுகளில் ஒரு இரவு வந்து கேட்டார்கள். யார் என்பதைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா உள்ளே போனார். சாறத்தை அவிழ்த்து ஆணியில் போட்டுவிட்டுத் துவக்கை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். சாறம் கனகாலம் அதே ஆணியில் தொங்கியது. அடுத்த போகத்தில் பன்றிக்குத் தகரம் தட்டினோம். அப்பா அந்தத் துவக்கைப் பற்றிப் பிறகு ஒரு சொல் பேசவில்லை.

இதைக் கிழவரிடம் சொன்னது இரண்டாம் நாள் பின்னேரம். ஒரு ஓடைக்கு மேலே ஈரப்பாசியில் குந்தியிருந்தோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, அது என்ன மரம் என்பது. எனக்குத் தெரியாது.

ஏப்ரல், கலைமான்கள் பெண்ணுக்குக் கத்தும் மாதம். அந்தச் சத்தம் சிங்கத்துக்கும் மாட்டுக்கும் இடைப்பட்டது. வேட்டைக்காரர்களும் அதுபோலக் கத்தி மானை அழைப்பார்கள், மாட்டுக்கொம்பில், சிலர் வீடு கூட்டும் வக்கூம் இயந்திரத்தின் குழாயில். எதிர்ப்பக்கம் ஒரு கத்தல் கேட்டது. கிழவர் ரவையை ஏற்றினார். அந்த உலோகச் சத்தத்துக்கு என் முதுகு தானாகவே குனிந்தது. அறுபது எழுபது மீற்றர் தூரத்தில், இலைகளுக்குப் பின்னால், மண்ணிறமாக ஒன்று அசைந்தது. எனக்கு அது மான்தான். அவர் துவக்கைத் தோளில் வைத்தார். வைத்தபடி இருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. நிறம் தெரிந்தது, அசைவு தெரிந்தது, கழுத்தும் தோளும் தெரியவில்லை. கடைசியில் துவக்கை இறக்கி, போல்ட்டை இழுத்து, அந்த ஒற்றை ரவையைக் கையில் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

முழு மிருகமும் தெரியாமல் சுடுவதில்லை என்பது இங்கே சட்டத்திலும் மேலான ஒரு விதி. கத்தியது ஆளாகவும் இருக்கலாம். இந்த நாட்டில் மான் என்று நினைத்துக் கூட வந்த கூட்டாளியையே சுட்டவர்கள் இருக்கிறார்கள். ஊரில் நான் கண்ட துவக்குகளில், யார் என்று தெரியும்வரை காத்திருந்த ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அப்பாவின் சொட்கனைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

விடியப் போய்ப் பார்த்தோம். ஈரமண்ணில் மானின் குளம்படி, பெரிய கலைமான். கிழவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பசியோடு திரும்பி வந்து கஞ்சி காய்ச்சினோம்.

அன்றிரவு முழுக்க மழை. மூன்றாம் நாள் ஆறு மண்ணிறமாக ஓடியது. மதியம்வரை காத்திருந்து, தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு கடந்தோம். கடப்பதற்கு முன்னால் கிழவர் ரவைப்பெட்டியை வெறுமையாக்கினார். போல்ட்டைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு துவக்கை என்னிடம் நீட்டினார். முழங்காலால் அவருக்கு ஒரு கையில் பொல்லு வேண்டும், மற்றக் கை என்னைப் பிடிக்க வேண்டும். எனக்கு லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ்காரர் பக்கத்தில் நின்று கவனித்தால் குற்றமில்லை என்றார். வாரைத் தலைக்கு மேலால் குறுக்கே போட்டுக்கொண்டேன். ஏறக்குறைய நாலு கிலோ. போல்ட் இல்லாத துவக்கு ஒரு இரும்புக் குழாயும் மரமும்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடு ஆற்றில் அவருடைய முழங்கால் மடிந்தது. நான் அவரை இழுத்தேன், இரண்டு பேரும் இடுப்புவரை போனோம், சோங்கு ஒரு பாறையில் அடிபட்டது. அந்தச் சத்தம் தண்ணீர் இரைச்சலுக்கு மேலால் கேட்டது. கரையேறியதும் கிழவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஒட்டுநாடாவைப் பிரித்துக் குழலுக்குள்ளே வெளிச்சம் பார்த்தார். தண்ணீரோ சேறோ இருக்க, சுட்டால் குழல் வெடிக்கும். பிறகுதான் சோங்கு. பெருவிரல் அகலத்துக்கு மரம் பெயர்ந்திருந்தது.

அந்தச் சோங்கிலுள்ள தழும்புகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் கதை உண்டு. தகப்பன் பனியில் சறுக்கி ஊன்றியது, ஹெலிகொப்டர் கதவில் இடித்தது, மகளுக்குப் பத்து வயதில் கீழே போட்டது. புதிய காயத்தை விரலால் தடவி, இது உன்னுடையது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா வவுனியாவில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னபோது, "உனக்கென்ன விசரே தம்பி? துவக்குக்குப் பயந்துதானே உன்னை அனுப்பினனாங்கள். நீ அங்க துவக்கோட காட்டுக்க நிக்கிறாய்?" என்றா. பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொப்பற்றை சாறம் கிடக்குத் தெரியுமே? நான் எறியேல்லை" என்றா.

அதைச் சொன்னபோது கிழவர் கராஜில் சோங்குக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பேரன் வந்து, காயத்தை உரசி மினுக்கித் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றார். எண்ணெய் உள்ளே போனால் ஈரம் பிடிக்காது, அதுபோதும். அந்தப் பேரனுக்குத் துவக்கில் விருப்பமில்லை. மகள் பிரிஸ்பேனில், அவளுக்கும் வேண்டாம். கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்ற 2019-க்குப் பிறகு, வீட்டில் துவக்கே இருக்கக்கூடாது என்று அவள் நினைக்கிறாள். அவளோடு வாதாட எனக்கு மனம் வராது. கிழவரும் வாதாடுவதில்லை. ஆனால் லைசன்ஸ் சோதனை எடுக்க எனக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறார், ஒருமுறைதான், எண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டே.

லைசன்ஸ் என்றால் வீட்டுக்காரரையும் விசாரிப்பார்கள். மனைவியிடம் சொன்னேன். "என்னட்டை வந்து கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவன்" என்றாள். உள்ளது என்ன என்று நான் கேட்கவில்லை. நித்திரையில் இப்போதும் சில இரவு எழும்பி யன்னலைப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பவன் நான். அது அவளுக்குத் தெரியும்.

கிழவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஆகஸ்ட்டில். ஏப்ரலுக்குள் நடந்துவிடுவேன் என்கிறார். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை.