மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயம். பழைய காரில் 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் போதும், கோட் வந்துவிடும்.

பி0171 என்று வந்தால், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் போய்விடுமா? வயதான காரில் வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். என்ஜினை ஓடவிட்டு, 'உஸ்' சத்தம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். குழாய் மாற்ற அதிகம் செலவாகாது.

பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைப்பது வைத்தியமல்ல. பழுது இருந்தால் திரும்ப எரியும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டுங்கள். அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், பழைய காரின் விலையே அதற்குச் சரியாகிவிடும்!