சிரிப்புக்கு முதல் எது?

சினிமா என்றால் பெரும்பணம் வேண்டும், பெயர்பெற்ற நடிகர் வேண்டும், ஊர் ஊராய்ச் சென்று பிடித்த காட்சிகள் வேண்டும் என்பது நம்மவர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்து, நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறினார். அதற்குப் பணம் வேண்டுமென்று அவர் யாண்டும் கூறினாரில்லை!

மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்திலுள்ள மாலேகாவ், விசைத்தறித் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கே வீடியோக் கொட்டகை நடத்திவந்த ஷேக் நாசிர் என்பவர், 2000-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 50,000 ரூபாய்ச் செலவில் 'மாலேகாவ் கே ஷோலே' என்னும் படத்தை எடுத்தார். 1975-இல் வெளிவந்து இந்தியா முழுதும் புகழ்பெற்ற 'ஷோலே'யைப் பகடி செய்த படம் அது. நடித்தவர் உள்ளூர்வாசிகளே. மூலப்படத்தில் குதிரைமேல் வந்த கொள்ளைக்காரர், இங்கே மிதிவண்டியில் வந்தனர்! பின்னர் அவர் எடுத்த 'மாலேகாவ் கா சூப்பர்மேன்' படத்தில், உலகைக் காக்கும் வீரனாக நடித்தவர் மெலிந்த தறித்தொழிலாளி ஒருவர். அப்படம் உருவான கதையை ஃபைசா அகமது கான் 2008-இல் ஆவணப்படமாக்கினார். ரீமா காக்தி இயக்கி 2025-இல் திரையரங்குகளுக்கு வந்த இந்திப் படமும் இவ்வூராரைப் பற்றியதே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? குதிரை இல்லாததை அவர்கள் மறைக்க முயன்றிருந்தால் படம் பரிதாபமாய் முடிந்திருக்கும். இல்லாததையே நகையாக்கினர், படம் உயிர்பெற்றது. வறுமையை மறைப்பவனைக் கண்டு உலகம் நகைக்கும். தன் வறுமையைத் தானே நகைப்பவனோடு சேர்ந்து உலகம் நகைக்கும். இரண்டும் ஒன்றல்ல.

மலேசியத் தமிழர் வாழ்வும் திரையேறாமல் இல்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) ரப்பர்த் தோட்டக் குடும்பத்தைக் காட்டிற்று. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்தை விட்டு வெளியேறியோர் பட்ட பாட்டைக் காட்டி, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமெனப் பரிசு பெற்றது. இவை நம் கண்ணீரைத் திரையில் வைத்தன, நன்று. தோட்டத்தார் சிரிப்பைத் திரையில் வைக்க வேண்டாமோ?

ஈஜோக் வட்டாரத் தோட்டமொன்றில் நாம் கிராணி வேலை பார்க்கிறோம். சென்ற ஆண்டு இளைஞர் சிலர் நம்மை அணுகி, "ஐயா, கைப்பேசியிலேயே ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறோம். அதில் ஒரு கிராணி வருகிறார். உங்கள் பழைய சட்டையும் மூக்குக்கண்ணாடியும் வேண்டும்" என்றனர். அக்கிராணி துரையிடம் ஆங்கிலத்தில் குழைவார். தொழிலாளியிடம் தமிழில் சீறுவார்! அருகிலிருந்த பெரியவர், "படித்தவரைக் கேலி செய்வதா?" என்று சினந்தார். நாமோ சட்டையையும் கண்ணாடியையும் கொடுத்தோம்.

ஏன் கொடுத்தோம்? ஒருவன் வேலைநாளைப் பதிவதும் விடுவதும் கிராணியின் பேனா முனையில் இருக்கிறது. அப்பேனாவைக் கண்டு மக்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. அச்சிரிப்பு முகத்துக்கு நேரே வருமானால் அச்சம் குறைந்தது என்று பொருள். அச்சம் குறைந்த இடத்திலன்றோ சுயமரியாதை முளைக்கும்?

ஒன்றை மட்டும் இளைஞர்களிடம் வற்புறுத்தினோம். கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், பெண்ணையும், துப்புரவு செய்பவரையும் இழித்துச் சிரிக்கவைப்பது வியாபாரப் படங்கள் பலவற்றின் மலிவான வழி. அது எளியோனை மேலும் மிதிப்பதாகும். என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) மூடப்பழக்கத்தை எள்ளி நகையாடினார். அதனால் அவர் நகைச்சுவை அறிவூட்டிற்று. எள்ளல் மேல்நோக்கிப் பாயவேண்டும். மேலே துரை இருப்பினும் சரி, கிராணி இருப்பினும் சரி.

பணமில்லையே என்று ஏங்கும் தோட்டத்து இளைஞர்களே! செம்பனை நிழல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, நடிக்க அண்டை வீட்டார் இருக்கின்றனர். படம் முடிந்தபின் காட்ட, மண்டபச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி போதும். பார்ப்போர் தம்மையே திரையில் கண்டு அஞ்சாது சிரிப்பாராயின், அதுவே நீங்கள் ஈட்டும் வருமானம். சிரிப்புக்கு முதல் பணமன்று, துணிவே.