எஸ்எஸ்டியைத் துடைத்தவன் நான்

செஞ்சியில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. படங்களெல்லாம் சென்னையில் ஒரு சர்வரில். இங்கிருந்து என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வழியே திறப்போம். லைன் மந்தம்.

அதற்குத்தான் லினக்ஸில் எஃப்எஸ்-கேச் இருக்கிறது. டேவிட் ஹவல்ஸ் எழுதியது, 2009-இல் 2.6.30 கெர்னலில் சேர்ந்தது. மவுண்ட் செய்யும்போது ‘எஃப்எஸ்சி’ என்று சேர்த்து, கேச்ஃபைல்ஸ்டி என்ற பின்னணி நிரலை ஓடவிட்டால், ஒருமுறை படித்த பகுதி உள்ளூர் வட்டில் தங்கும். ரீபூட் செய்தாலும் போகாது. அடுத்த முறை சர்வரிடம் ‘மாறியிருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுவிட்டு இங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கேச்சுக்கு வட்டு வேண்டும். இரவில் பேக்கப் எடுத்துவந்த எஸ்எஸ்டியைத் துடைத்துக் கொடுத்தேன். “காப்பி எங்கப்பா?” என்றார் முதலாளி. “எல்லாம் இங்கேயேதாண்ணே இருக்கு” என்றேன். மராத்திய மன்னர் ராஜாராமின் கோட்டை ஏழு வருஷத்துக்கும் மேல் முகலாயப் படையைத் தாக்குப்பிடித்த ஊர் இது. கோட்டைக்குள் நெற்களஞ்சியம் இருப்பதைப் போல நமக்கும் ஒன்று அமைந்துவிட்டதென்று எனக்குள் ஒரு மிதப்பு.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இடம் குறைந்தால் நெடுநாள் தொடாதவற்றைக் கேச் தானே கழித்துவிடும் என்று மேனுவலில் படித்திருந்தேன். படித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

சர்வர் வட்டு ஒருநாள் செத்தது. இங்கே எந்தப் படமும் திறக்கவில்லை. கேட்டுச் சரிபார்க்க சர்வரே இல்லையே. கேச் ஃபோல்டரைத் தோண்டினேன். புரியாத பெயர்களில் ஃபைல்கள். பலவற்றில் சிறுபடம் காட்டப் படித்த துண்டு மட்டும் இருந்தது, மீதி வெற்றிடம். ஒரு கல்யாணமே போய்விட்டது.

நான் கற்பனை செய்த வசதி வேறு இடத்தில் உண்டு. சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அதில் ஃபைல் மாறினால் சர்வரே கூப்பிட்டுச் சொல்லும். அவர் 1987-இல் தொடங்கிய கோடா, தொடர்பு அறுந்தாலும் கேச்சில் உள்ளதை வைத்து வேலை செய்யவிடும். அதுவும் பேக்கப் ஆகாது. அங்கேயும் மூலம் சர்வரில்தான்.

அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம், “வட்டு கெட்டுப்போச்சுங்கய்யா, நம்ம கையில இல்ல” என்றேன். அவர் நம்பினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது முதலாளி. திட்டு வாங்கியது சர்வரைப் பார்த்துக்கொண்ட சென்னைக்காரர். வட்டு கெட்டது உண்மை. அது கெட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டிய காப்பியை நான்தான் அழித்தேன் என்பதை மூவரிடமும் மறைத்தேன். வட்டு சாவது யார் குற்றமும் இல்லை. இந்த இரண்டும் என் குற்றம்.